ஐந்து வெள்ளைப் படிகள்

614, ஹேசல் தெரு, பால்டிமோர்
8 செப்டம்பர் 1986

ஹேசல் தெருப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர் திரு. பிராட்லி விட்காம் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் மனைவியும் கைக்குழந்தையும் சுகம்தானே? குழந்தைக்குப் பல் முளைக்கிறது போலிருக்கிறது. அழுகை என் ஜன்னல் வரை கேட்கிறது. கடிக்கக் குளிர்ந்த கரண்டி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். நம் தெருவில் வயதான பெண் ஒருத்தி இருக்கிறாள். போன மார்ச்சில் வாசற்படி தேய்க்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது. வீட்டுக்குள் கைத்தடியோடு நடக்கிறாள். மாடிப்படியில் மரக் கைப்பிடி இருப்பதால் அதைப் பிடித்து ஏறி இறங்கவும் செய்கிறாள். ஆனால் வாசலில் இருக்கிற ஐந்து சலவைக்கல் படிகளில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. பின்பக்கம் முற்றம், மூன்று பக்கமும் சுவர். ஆக, ஆறு மாதமாய் அவள் தெருவில் கால் வைக்கவில்லை.

படியோரமாக ஒரே ஒரு இரும்புக் கைப்பிடி வைத்துக்கொள்ளக் குழு அனுமதிக்குமா? தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ரொம்ப ரோஷக்காரி.

இப்படிக்கு,
ஜெனியா ரோகல்

*

22 செப்டம்பர் 1986

மதிப்புக்குரிய திருமதி ரோகல் அவர்களுக்கு,

வணக்கம். கரண்டி வைத்தியம் பலித்தது. என் மனைவி உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். உங்கள் வாசற்படி மட்டும் சனிக்கிழமைதோறும் எப்படி அப்படிப் பளிச்சென்று ஆகிறது என்றும் கேட்கச் சொன்னாள்.

நீங்கள் கேட்ட விஷயத்தைக் குழுவில் வைத்தேன். எங்களுக்கு வருத்தம்தான். ஆனால் விதிப் புத்தகம் உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. ஏழாம் விதி: “ஹேசல் தெருவின் இருபத்து மூன்று வீட்டு வெள்ளைப் படிகளும் தெருவின் முகம். அவற்றின் மேல் கம்பியோ கட்டையோ கூரையோ எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது.” ‘எக்காரணம் கொண்டும்’ என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள்.

முன்னுதாரணமும் இருக்கிறது. 1974இல் 616ஆம் எண் வீட்டுத் திருமதி ஹூப்கா இதே கைப்பிடிக்கு விண்ணப்பித்திருக்கிறார். ஓரத்தில் உங்கள் குறிப்பு: “இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள். நிராகரிக்கப்பட்டது.” நெடுஞ்சாலை போட இடிக்க வந்தவர்களிடமிருந்து இந்தத் தெருவை மீட்டவர் நீங்கள். உங்கள் விதியில் நாங்கள் கை வைப்பதா? அந்த அம்மையாரிடம் எங்கள் அனுதாபத்தைத் தெரிவியுங்கள்.

ரொம்ப நாளாய் நீங்கள் கூட்டத்துக்கே வருவதில்லை. உங்கள் நாற்காலி காலியாகவே இருக்கிறது.

பணிவன்புடன்,
பிராட்லி விட்காம்

*

டூசான், அரிசோனா
3 அக்டோபர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். உன் தம்பி டாடெக் எழுதுவது. எனக்கு உடம்பு எப்படி என்று கேட்காதே. இரும்பு ஆலை முப்பது வருஷம் நுரையீரலில் போட்டதை இந்தப் பாலைவனக் காற்று மெதுவாய் எடுத்துக்கொண்டிருக்கிறது. மார்ச்சில் சுளுக்கிக்கொண்டேன் என்றாயே, அந்தக் கால் சரியாகிவிட்டதா? போனில் உனக்குக் காது கேட்காது, எனக்கு மூச்சு வராது. அதனால் எழுத்தில் ஒழுங்காய்ப் பதில் சொல்.

நம் புனித யாசெக் பங்குக் கோயிலுக்கு அடுத்த மே மாதம் நூறு வயது. நூற்றாண்டு மலர் ஒன்று போடுகிறார்களாம். துறைமுகத்தையும் தெருக்களையும் பற்றி நான் எழுத வேண்டும் என்று பங்குச் சாமியார் கேட்டிருக்கிறார். ‘தூரத்தில் இருப்பவருக்குத்தான் எல்லாம் துல்லியமாய்த் தெரியும்’ என்று வேறு எழுதியிருக்கிறார். கிண்டல் செய்கிறாரோ என்னவோ.

எனக்கு உன் கால்கள் வேண்டும். கப்பல்காரர்கள் பீப்பாயில் தண்ணீர் பிடித்த அந்தப் பழைய குழாயடி இருக்கிறதே, படகுத்துறைப் பக்கம், அதன் அடிக்கல்லில் என்ன வருஷம் செதுக்கியிருக்கிறது? அப்பா 1822 என்பார். எனக்கு 1832 என்று ஞாபகம். எழுத்து தேய்ந்திருக்கும், விரலால் தடவிப் பார். சந்தையில் மீன்கார மாக்தா இன்னும் வாயாடுகிறாளா? இழுவைப்படகுகள் அதே இடத்தில்தான் கட்டிக் கிடக்கின்றனவா?

பக்கத்து வீட்டு டோலி எப்படி இருக்கிறாள்? நீ அவளைப் பற்றி எழுதுவதே இல்லை.

இங்கே ஒரு அறை உனக்காகச் சும்மா கிடக்கிறது. ஒரே தரை, படியே கிடையாது. சொல்லி வைத்தேன்.

அன்புடன்,
டாடெக்

*

20 அக்டோபர் 1986

அன்புள்ள தம்பி டாடெக்குக்கு,

இயேசுவுக்குப் புகழ். கால் சரியாகிவிட்டது. காலைப் பற்றி இனி ஒரு வார்த்தை எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன்.

இன்று காலை உனக்காகவே ஒரு சுற்று போனேன். முதலில் சந்தை. மாக்தா மாறவே இல்லை. ஒரு மீனைக் கையில் எடுத்தேன், “ஏ ஜெனி, அதை மோந்து பாக்காதே, அது உன்னை மோந்து பாத்துட்டு மயக்கம் போட்டுரும்!” என்று எல்லார் முன்னாலும் கத்தினாள். அப்புறம் படகுத்துறை. இழுவைப்படகுகள் மூக்கை மூக்கோடு இடித்துக்கொண்டு நிற்கின்றன. எதிர்க்கரையில் சர்க்கரை ஆலையிலிருந்து பாகு வாசனை வந்தது. கொஞ்சம் நின்றுவிட்டு வந்தேன்.

குழாயடிக் கல்லைக் குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். 1822தான். அப்பா சொன்னது சரி. நீ எப்போதும் அப்பாவை நம்ப மாட்டாய்.

திரும்பி வரும்போது ரூஃபஸின் பழவண்டியைப் பார்த்தேன். இந்த ஊரில் இன்னும் குதிரை பூட்டிப் பழம் விற்கிற நாலைந்து பேரில் அவர் ஒருவர். “மிஸ் ஜெனி, இந்தப் பீச் பழம் உங்களுக்குன்னே எடுத்து வச்சேன், குதிரைக்குக்கூடக் குடுக்கல” என்றார். “குதிரை வேண்டாம்னு சொல்லிருக்கும், அதான் எங்கிட்ட கொண்டு வர்றீங்க” என்றேன். சிரித்துக்கொண்டே இரண்டு அதிகமாய்ப் போட்டார்.

டோலி நன்றாக இருக்கிறாள். நான் தினமும் அவளைப் பார்க்கிறேன்.

உன் அறையை வேறு யாருக்காவது கொடு. நான் பிறந்த வீட்டில்தான் சாவேன். ஜன்னல் வலைத்திரையில் அம்மா வரைய வைத்த சிவப்புக் கூரை வீடும் இரண்டு அன்னமும் இன்னும் நிறம் போகாமல் இருக்கின்றன. வெளியே போகிறவர்களுக்குப் படம். உள்ளே இருக்கிற எனக்குத் தெரு முழுக்கத் தெரியும். இதை விட்டுவிட்டு உன் கள்ளிச் செடியைப் பார்த்துக்கொண்டு உட்காரவா?

மார்பில் கம்பளி சுற்றிக்கொண்டு தூங்கு.

அக்கா,
ஜெனியா

*

டூசான்
2 ஜனவரி 1987

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். புத்தாண்டு வாழ்த்து. இருமல் கொஞ்சம் கூடுதல், பயப்படும்படி ஒன்றுமில்லை.

நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் அப்பம், அந்தக் காகிதம் போன்ற மெல்லிய அப்பம், வந்து சேர்ந்தது. மூலையில் நீ ஒரு துண்டு கிள்ளி எடுத்திருந்தாய், மிச்சத்தை நானும் மகன் ராபர்ட்டும் பிட்டுத் தின்றோம். எத்தனை மைல் தள்ளி இருந்தாலும் ஒரே அப்பத்தைத் தின்றால் ஒரே மேஜையில் உட்கார்ந்த மாதிரி என்று அம்மா சொல்வாளே.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. கோயிலில் வருஷா வருஷம் அப்பத்தில் வேறு படம் அச்சிடுவார்கள். போன வருஷம் நீ அனுப்பியதில் மூன்று ஆட்டிடையர்கள் இருந்தார்கள். இந்த வருஷமும் அதே மூன்று பேர். ஒருவனுக்குக் கைத்தடி பாதி உடைந்திருக்கும், அதுவும் அப்படியே. ஓரம் மஞ்சளாக இருந்தது. வாயில் போட்டால் அலமாரிப் பூச்சி உருண்டை வாசனை. ராபர்ட், “அத்தை நமக்குப் பீரோவை அனுப்பிட்டாங்கப்பா” என்றான்.

இந்த வருஷம் அப்பம் வாங்க நீ கோயிலுக்குப் போகவில்லையா, அக்கா?

அன்புடன்,
டாடெக்

*

15 ஜனவரி 1987

டாடெக்,

கோயிலில் கூட்டமாக இருந்தது, அப்பம் தீர்ந்துவிட்டது. வீட்டில் இருந்ததை அனுப்பினேன். தின்ன இஷ்டமில்லை என்றால் துப்பியிருக்கலாம். அப்பத்தில் துப்பறிகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜெனியா

*

டூசான்
9 மார்ச் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். இரண்டு மாதமாய் நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. நலமா என்று கேட்டால் நலம் என்பாய். அதனால் கேட்கவில்லை.

மலர் அச்சாகிவிட்டது. குழாயடி 1822 என்று நீ தடவிப் பார்த்துச் சொன்னதை அப்படியே போட்டேன். நேற்று பங்குச் சாமியாரிடமிருந்து கடிதம். நன்றியெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வரி: ‘குழாயடிக் கல்லைப் போன ஜூலையிலேயே பெயர்த்துக் கோயில் மண்டபத்தில் வைத்திருக்கிறோம், சாலையில் லாரி இடித்துவிடும் என்று. நூற்றாண்டு விழாவுக்குப் பிறகு திரும்ப வைப்போம். உங்கள் அக்காவை மண்டபத்தில் பார்த்த ஞாபகம் இல்லையே? அவர் இப்போது இத்தாலியர் கோயிலுக்குப் போவதாகச் சொன்னாராம்.’

ஜூலையில் பெயர்த்த கல்லை அக்டோபரில் எந்த இடத்தில் குனிந்து தடவினாய்?

மாக்தாவைப் பற்றியும் கேட்டேன். அவள் கடையை மூடிவிட்டு மகள் வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறதாம். உன்னைப் பார்த்து வாயாடியது யார்?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய், அக்கா. உனக்கு என்ன ஆயிற்று என்று நீயே எழுது. எழுதாவிட்டால் ஜூன் முதல் வாரம் ராபர்ட் வருவான். பெட்டியைக் கட்டி உன்னை இங்கே கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். வீட்டையும் விற்றுவிடலாம். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நீ ஒரு வீட்டுக்குள் கிடப்பதை நினைத்துக்கொண்டு எனக்கு இங்கே மூச்சு விட முடியவில்லை.

டாடெக்

*

25 மார்ச் 1987

அன்புள்ள தம்பிக்கு,

இயேசுவுக்குப் புகழ். இந்த முறை நலம் என்று எழுத மாட்டேன்.

நான் இந்த வீட்டை விட்டு இறங்கி ஒரு வருஷம் பதினோரு நாள் ஆகிறது. சுளுக்கு இல்லை. படி தேய்த்துக்கொண்டிருந்தேன், சோப்பு வழுக்கி விழுந்தேன், இடுப்பு போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேர் நாற்காலியில் தூக்கி வந்து உள்ளே வைத்தார்கள், மளிகைப் பெட்டி இறக்குவது போல. அதற்குப் பிறகு வாசற்கதவைத் திறப்பேன், படியைப் பார்ப்பேன், கை தானாகப் பிடிக்கத் தேடும். வெறும் காற்றுதான் இருக்கும். கதவைச் சாத்திவிடுவேன். உனக்குத் தெரிந்தால் கூட்டிப்போய்விடுவாய் என்று பொய் சொன்னேன். சாமியாருக்குத் தெரிந்தால் உனக்கு எழுதுவார் என்று அவருக்கும் பொய். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரியாய்ப் போயிற்று.

ரூஃபஸுக்கு மட்டும் தெரியும். மாடி ஜன்னலிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்குவேன். பழம், ரொட்டி, பால், தபால்தலை எல்லாம் போட்டு அனுப்புவார். ஒருநாள் கேட்டார்: “மிஸ் ஜெனி, என் தோளைப் பிடிச்சுக்கிட்டு எறங்குங்களேன், அஞ்சு படிதானே?” நான், “தெருவே பாக்க என்னை மூட்டை மாதிரி எறக்கப் போறீங்களா? போய் வியாபாரத்தைப் பாருங்க” என்று விரட்டிவிட்டேன். அன்றைக்கு முழுக்க அழுதேன்.

ஒரு கம்பி இருந்தால் போதும், டாடெக். குழுவுக்கு எழுதியும் கேட்டேன், எவளோ ஒருத்திக்கு என்று. நானே எழுதிய விதியை எடுத்து என் முகத்தில் அடித்தார்கள். நான் ஏன் என் பெயரில் கேட்கவில்லை தெரியுமா? உனக்குத் தெரியும். நீ அப்போது இங்கேதான் இருந்தாய்.

எழுபத்து நாலில் டோலி தன் அம்மாவுக்காக என் சமையலறைக்கு வந்தாள். “ஜெனியாக்கா, அம்மாவால எறங்க முடியல. ஒரே ஒரு கம்பி. மூணடி. அவ்வளவுதான்” என்றாள்.

“டோலி, இன்னிக்குக் கம்பி, நாளைக்குப் பந்தல். அப்புறம் ரோடு போடறவன் வந்து, ‘இதுல பழசு எங்கம்மா இருக்கு’ன்னு கேப்பான்” என்றேன்.

“அப்ப எங்கம்மா உள்ளயே கெடக்கட்டுமா?”

“சட்டம்னா எல்லாருக்கும்தான் சட்டம்.”

நகரசபையில் ஏழு வருஷம் கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகி இந்தத் தெருவை இடிக்காமல் வைத்திருந்தேன். இருபத்து மூன்று வீடும் ஒரே வரிசை, ஒரே வெள்ளை. அதுதான் எங்கள் கையில் இருந்த ஒரே ஆயுதம். அது பொய்யில்லை. ஆனாலும் பதினோரு மாதம் கழித்து அந்த அம்மாவைச் சவப்பெட்டியில் வைத்து ஆறு பேர் அந்தப் படியில் இறக்கினார்கள். அன்றிலிருந்து டோலி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். என் படியை யார் தேய்ப்பது என்று நீ கேட்கவில்லை. நல்ல வேளை. சனிக்கிழமை காலையில் டோலி வாளியோடு வருவாள். தன் ஐந்து படியையும் தேய்த்துவிட்டு என் ஐந்தையும் தேய்ப்பாள். தலை நிமிர மாட்டாள். நான் வலைத்திரைக்கு இரண்டடி பின்னால் உட்கார்ந்திருப்பேன். அவளுக்கு அன்னம்தான் தெரியும். எனக்கு அவள் நெற்றி வேர்வை தெரியும். ஐம்பது சனிக்கிழமை. வாயைத் திறந்து ஒரு ‘நன்றி’ சொல்ல எனக்கு வரவில்லை.

இவ்வளவுதான். ராபர்ட்டை அனுப்பாதே என்று சொல்ல எனக்கு இப்போது வாயில்லை.

ஜெனியா

*

டூசான்
6 ஏப்ரல் 1987

அக்கா,

இயேசுவுக்குப் புகழ். படித்தேன். இரண்டு முறை படித்தேன்.

கம்பியைக் குழுவிடம் கேட்காதே. டோலியிடம் கேள்.

ராபர்ட் ஜூன் மூன்றாம் தேதி வருகிறான். அதற்குள் கேள்.

டாடெக்

*

20 ஏப்ரல் 1987

டோலி,

இதை ரூஃபஸிடம் கொடுத்து அனுப்புகிறேன். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர், அதைத் தாண்டக் குதிரைவண்டி தேவைப்படுகிறது. நீ சுகமாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே வேண்டுகிறேன்.

உன் அம்மாவுக்கு நான் செய்தது தவறு. தெருவைக் காப்பாற்றுகிறேன் என்று தெருவில் இருந்தவளைப் பூட்டி வைத்தேன். எனக்கும் அதேதான் வாய்த்திருக்கிறது என்பதால் இதைச் சொல்கிறேன், அதுவும் உண்மை. நல்ல மனசு இருந்திருந்தால் விழுவதற்கு முன்பே சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமைகளுக்கு நன்றி.

உன்னிடம் ஒரு கம்பி கேட்கச் சொல்லி டாடெக் எழுதியிருக்கிறான். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுவிட்டேன். இல்லை என்று நீ சொன்னால் அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது.

ஜெனியா

*

616, ஹேசல் தெரு
11 மே 1987

திருமதி ரோகல்,

பதில் எழுத மூன்று வாரம் ஆயிற்று. நான்கு தாளைக் கிழித்துப் போட்டேன். அதிலெல்லாம் இருந்ததை நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் படியை உங்களுக்காகத் தேய்க்கவில்லை. என் படி வெள்ளையாகவும் பக்கத்துப் படி அழுக்காகவும் இருந்தால் என் அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வந்து என்னைத் திட்டுவாள். அவ்வளவுதான்.

கம்பி இருக்கிறது. என் நிலவறையில், பழைய சாக்கில் சுற்றி, பதின்மூன்று வருஷமாய். அம்மா விண்ணப்பம் போடுவதற்கு முன்பே செய்தாயிற்று. இரும்பு ஆலையில் ஷிப்டு முடிந்த பிறகு இருந்து செய்தது யார் தெரியுமா? உங்கள் தம்பி. ஒரு காசு வாங்கவில்லை. நீங்கள் மறுத்துவிட்டீர்கள் என்று தெரிந்ததும், “டோலி, இதை எடுத்து உள்ள வை. அக்காகிட்ட சொல்லாதே. எனக்கு அவளோட சண்டை போடத் தெம்பில்ல” என்றார். அடுத்த வருஷம் ஊரை விட்டே போய்விட்டார். காற்றுக்காக என்றார்.

அம்மா ஜன்னலில் உட்கார்ந்து கேட்பாள்: “டோலி, கம்பி வந்துருச்சா?” “வரும்மா” என்பேன். அது காலுக்குக் கீழேயே, நிலவறையில் கிடந்தது.

சனிக்கிழமை காலை ரூஃபஸை வரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் படியில் அதை வைக்கிறோம். மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு முறை என்னால் இதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

டோலோரஸ் ஹூப்கா

*

614, ஹேசல் தெரு
24 மே 1987

அன்புள்ள தம்பி டாடெக்குக்கு,

இயேசுவுக்குப் புகழ். உன் இருமல் எப்படி இருக்கிறது? இங்கே எனக்குத் தொடை வலி, குதிகால் வலி, உள்ளங்கையில் ஒரு கொப்புளம். எல்லாம் நடந்ததால் வந்தது.

போன சனிக்கிழமை ரூஃபஸ் குதிரையைப் படியோரமாக நிறுத்திவிட்டுத் துளை போட்டார். அந்தச் சலவைக்கல்லில் முதல் துளை விழுந்தபோது என் பல் கூசியது, சொல்லிவிடுகிறேன். அளவு எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. டோலி வீட்டுப் படிக்குச் செய்த கம்பி என் வீட்டுப் படியில் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. இருபத்து மூன்று வீட்டுப் படியும் ஒரே அளவு. அதைத்தானே நான் கட்டிக் காத்தேன்! கம்பியின் அடியில் நீ உளியால் கொத்தியிருக்கிற உன் பெயரின் முதலெழுத்தைத் தடவிப் பார்த்தேன். இந்த முறை உண்மையாகவே தடவினேன்.

நீ பதின்மூன்று வருஷம் சொல்லவில்லை. நான் பன்னிரண்டு மாதம் சொல்லவில்லை. நம் வீட்டில் எல்லாருக்கும் நாக்கு இருந்து என்ன பிரயோஜனம்!

மூன்றாம் நாள் குழுச் செயலாளர், அந்த விட்காம் பையன், நோட்டீஸோடு வந்தான், முப்பது நாளில் கம்பியை எடுக்கச் சொல்லி. என்னைப் படியில் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. “மிஸ்ஸஸ் ரோகல், அந்த லேடி நீங்கதான்னு அப்பவே சொல்லியிருக்கலாமே? உங்களுக்குன்னா நாங்க...” என்று இழுத்தான்.

“எனக்குன்னா குடுத்திருப்பீங்க. அதான் சொல்லல” என்றேன். “ஏழாம் விதியை எடுக்கணும்னு கூட்டத்துல வைங்க. எனக்காக இல்ல. கேக்கற எல்லாருக்கும். நானே வந்து பேசறேன். என் நாற்காலியை யாருக்கும் குடுத்துறாதீங்க.”

ஓட்டு எப்படிப் போகுமோ தெரியாது. புதுசாய் வந்தவர்களுக்கு என்னைவிட அதிகமாய்ப் பழமை மோகம். போராட வேண்டியிருக்கும். எனக்குப் பழக்கம்தான்.

நான் எங்கே முதலில் போனேன் என்று கேட்பாய். படகுத்துறைக்கு இல்லை. இறங்கி நின்று, பக்கத்து வீட்டுக்குத்தான் போனேன். எட்டு அடி நடந்தேன். அங்கே ஐந்து படி, பிடிக்க ஒன்றும் இல்லை. என்னால் ஏற முடியவில்லை. கீழே நின்று கூப்பிடலாம் என்று அவர்கள் ஜன்னலைப் பார்த்தேன்.

அவர்கள் வலைத்திரையிலும் அதே சிவப்புக் கூரை வீடு, இரண்டு அன்னம். ஒரே ஆள்தானே தெரு முழுக்க வரைந்து கொடுத்தான். டாடெக், அந்த அம்மா பதினோரு மாதம் அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நான் ஒவ்வொரு முறையும் அந்த வழியாகத்தான் குழுக் கூட்டத்துக்குப் போவேன், விதிப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. போகும்போது அந்த அன்னங்களைப் பார்த்து, என்ன அழகு, நிறம் போகவே இல்லையே என்று நினைத்துக்கொண்டு போவேன். அவளுக்கு என் முகம் தெரிந்திருக்கும். நான் புன்னகைத்தது தெரிந்திருக்கும். தனக்குத்தான் அந்தப் புன்னகை என்று நினைத்திருப்பாளோ?

நான் கூப்பிடவேயில்லை. கதவு திறந்தது. டோலி உள்ளே இருந்து என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். படி இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். அப்புறம், “என்ன, எங்க வீட்டுப் படி அழுக்கா இருக்கா?” என்றாள்.

“இல்ல டோலி. வெள்ளையா இருக்கு.”

“அப்ப வாங்க. கையைப் பிடிங்க” என்றாள்.

தெருவே பார்க்க, பிடித்துக்கொண்டேன்.

ராபர்ட்டை அனுப்பு. பெட்டி கட்ட அல்ல, நண்டு தின்ன. ஜூனில் நண்டு நன்றாக இருக்கும். செய்தித்தாள் விரித்துத் தின்போம், டோலியும் வருவாள். அவன் திரும்பும்போது உனக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். டிசம்பரில் கோயிலில் வாங்கிய அப்பம், டோலி தன் பங்கிலிருந்து எடுத்து வைத்திருந்தது. மூலையில் இரண்டு கிள்ளல் இருக்கும். படம் இந்த முறை வேறு.

உடம்பைப் பார்த்துக்கொள். அன்புடன்,

அக்கா ஜெனியா

பின்குறிப்பு: நேற்று கோயில் மண்டபத்துக்குப் போய்க் கல்லைப் பார்த்தேன். 1832தான். நீ சொன்னது சரி, அப்பா சொன்னது தப்பு. மலருக்குள் திருத்தச் சீட்டு ஒன்று வைக்கும்படி சாமியாரிடம் சொல்லிவிட்டேன், தவறு யாருடையது என்றும் சேர்த்து.